பிள்ளைக் காம்பராவும் சிறுத்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைத் தவணை தொடங்கும்போது தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கம்பனிகள் கொப்பியும் பையும் கொடுக்கும் படங்கள் உங்கள் பத்திரிகையில் வருகின்றன. ஆகஸ்ட் 1 ஆம் திகதி, இலங்கைச் சிறுத்தை தினம் வந்தால் மரக்கன்று நடும் படங்கள். கொடுப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கொப்பி குறைந்தாலும் அந்த வீட்டில் அது பெரிய செலவுதான். ஆனால் பிள்ளைகளுக்கான உதவி ஒரு பக்கம், காட்டு விலங்குகளுக்கான உதவி இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியதே, வாசகர்களுக்கு நினைவிருக்கும். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. மலைநாட்டில் அப்படி ஒரு கருஞ்சிறுத்தையைக் காண்பதே அபூர்வம். அந்தக் கம்பி சிறுத்தைக்காக வைத்ததல்ல, காட்டுப்பன்றிக்கு வைத்தது. பன்றி ஒரே இரவில் மரக்கறிப் பாத்தியையும் கிழங்கையும் கிளறிப் போட்டுவிடும். அது மாட்டினால் பயிரும் தப்பும், வீட்டுக்கு இறைச்சியும் கிடைக்கும். 2016 ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100 க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 தான். இந்தக் கணக்கைப் பார்க்காமல் கம்பி வைப்பவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினால் மட்டும் போதுமா? சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளையின் தட்டில் முட்டையும் பருப்பும் ஒழுங்காக விழுந்தால் கம்பிகளும் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் பிள்ளைக் காம்பராவை, அதாவது தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தாய் காலையிலேயே கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுகிறாள். கைப்பிள்ளை பகல் முழுவதும் இருப்பது அங்கேதான். நல்ல கூரை, பயிற்சி பெற்ற ஒரு பெண், மதியத்துக்குச் சத்தான சாப்பாடு, சுத்தமான தண்ணீர் இருந்தால் அந்தப் பிள்ளையின் எதிர்காலமே மாறும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். தேயிலைக்கு நடுவே நடந்து பாடசாலைக்குப் போய் வர வேண்டும். சிறுத்தைகள் பகலில் படுத்திருப்பதும் அந்தப் பாதையோர ஓடைக்கரைப் பற்றைகளில்தான். ஓடைக்கரையில் காட்டை விட்டுவைக்கும் கம்பனி, பிள்ளைகள் நடக்கும் பாதையில் பற்றையை வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும், தூரத்து டிவிஷன்களுக்கு (தோட்டப் பிரிவுகளுக்கு) ஒரு வாகனமும் விட வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சனங்களுக்குச் சிறுத்தை மேல் கோபம்தான் வரும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. காலஞ்சென்ற மெரில் ஜே. பெர்னாண்டோவின் டில்மா தேயிலை நிறுவனம் இலாபத்தில் ஒரு பங்கைத் தன் அறக்கட்டளைக்கு ஒதுக்குகிறது. தோட்டப் பிள்ளைகளுக்கான வேலைகளும் மொறட்டுவையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான நிலையமும் அதில் நடக்கின்றன. 2007 இல் இயற்கைப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவும் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ஒதுக்குவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஒரு நாள் விழாவோடு முடிந்துபோகாது.

அதைவிட எனக்கு நெருக்கமானது ஃபெயார்ட்ரேட் என்ற நியாய வணிகச் சான்றிதழ் முறை. தேயிலை விலைக்கு மேல் வரும் தொகை தனிக் கணக்கில் சேரும். அதை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர்களே தெரிவு செய்த குழு முடிவெடுக்கும். தன் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைக்கு என்ன தேவை என்று கொழும்பில் இருப்பவரைவிட அந்தத் தாய்க்குத்தானே தெரியும்? குறை என்னவென்றால், சான்றிதழ் வாங்கிய தோட்டத்தின் தேயிலையும் பெரும்பாலும் சாதாரணத் தேயிலையாகவே விற்கப்படுகிறது. அப்போது அந்த மேலதிகத் தொகை வருவதில்லை. ஆக, பொறுப்பு வெளிநாட்டில் வாங்குபவர்களுக்கும் இருக்கிறது.

அப்புறம், எந்த நன்கொடையும் சம்பளத்துக்கு ஈடாகாது. நாட்சம்பளத்துக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்ற மண் இது. சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டாமல் கொப்பி கொடுக்கும் எந்த நிறுவனத்தையும் நல்ல நிறுவனம் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியான படமொன்று வந்தால், அந்தக் கம்பனியிடம் இந்த உதவி எத்தனை ஆண்டுக்கு, யார் தீர்மானித்தது, தோட்டத்தில் சுருக்குக் கம்பிகளைத் தேடி அகற்ற ஆள் வைத்திருக்கிறீர்களா என்று உங்கள் நிருபர் கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைக் காம்பராவுக்கு நிருபரை மறுபடியும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஸ்கெலியா.