கருத்து கேட்டார்கள், காரணம் எழுதவில்லை

அன்புள்ள சேகர்,

நலம்தானே? தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் ஓய்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இப்போதுதான் நிம்மதியாக ஏறி இறங்க முடிகிறது. நல்ல மழை, மிளகுக் கொடி தளதளவென்று இருக்கிறது. மல்கோவா மட்டும் இந்த வருஷம் உனக்கு அனுப்புகிற மாதிரி கிடைக்கவில்லை.

சரி, உலக இணைய முகவரிகளை நிர்வகிக்கிற ஐகான் (ICANN) அமைப்பு பற்றி நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று போனில் கேட்டாயே, அதற்கு வருகிறேன். நம் அறக்கட்டளையின் தளம் .ஆர்க் (.org) என்று முடிகிற முகவரியில்தானே இருக்கிறது. அந்த முகவரிகளின் மொத்த விற்பனை விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2019-இல் .ஆர்க்கை நடத்துகிற அமைப்போடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த வரம்பை எடுத்துவிடலாமா என்று ஐகான் எல்லோரிடமும் கருத்து கேட்டது. 3,000-க்கும் மேல் வந்தன, ஏறக்குறைய அத்தனையும் வேண்டாம் என்றுதான் சொல்லின. ஜூன் 30 அன்று வரம்பை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே வருஷம் நவம்பரில், .ஆர்க்கை நடத்துகிற லாபநோக்கில்லாத அமைப்பையே ஈதோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன, கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே கடிதம் எழுதினார், 2020 ஏப்ரல் 30-இல் ஐகான் வாரியம் அனுமதி மறுத்தது. விற்பனை நின்றது, நல்லது. விலை வரம்பு திரும்ப வரவில்லை.

என்னை உறுத்துவது விலைகூட இல்லை. நேம்சீப் என்கிற இணைய முகவரி விற்கும் நிறுவனம், வரம்பை எடுத்த முடிவை ஐகானின் சுயேச்சை மறுஆய்வுக்கு, அதாவது வெளி நடுவர்களின் விசாரணைக்கு, கொண்டு போனது. 2022 டிசம்பரில்தான் முடிவு வந்தது: வாரியம் மூடிய கதவுக்குள் பேசி, முறையாக ஒரு தீர்மானம்கூடப் போடாமல் காரியத்தை முடித்திருக்கிறது, வெளிப்படையாக நடப்போம் என்ற தன் சொந்த விதியையே மீறியிருக்கிறது என்று. வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் வாதாட ஒரு நிறுவனத்தால் முடிந்தது, நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது சொல்லு.

இது புதுப் பழக்கமும் இல்லை. 2000-இல் இணையப் பயனாளர்களே ஓட்டுப் போட்டு ஐகான் வாரியத்துக்கு ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான கார்ல் அவுர்பாக் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இயக்குநருக்கே தாராளமாகக் காட்ட மனமில்லை, அவர் நீதிமன்றம் போய் 2002-இல்தான் அந்த உரிமையைப் பெற்றார். அதே வருஷம் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் அந்தத் தேர்தல் முறையையே எடுத்துவிட்டார்கள்!

ஐகான் எதையுமே வெளியிடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டப் பேச்சுகளை எழுத்தில் போடுகிறார்கள், ஆவணம் கேட்டால் நம் தகவல் உரிமைச் சட்டம் போலவே 30 நாளில் பதில் தருவதாக விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 2016 அக்டோபர் 1-இல் ஐகானை மேற்பார்வையிட வழிசெய்த அமெரிக்க அரசின் ஒப்பந்தமும் முடிந்த பிறகு, அவர்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அவர்கள் எழுதிக்கொண்ட விதிகள்தான். அதனால்தான் அந்த விதியை மீறுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கருத்து கேட்பது பாதி வேலைதான். இத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், இன்ன காரணத்துக்காக நாங்கள் ஏற்கவில்லை, இன்னார் இப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதி வைத்தால்தான் நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடியும்.

இங்கே மலைக் கிராமம் ஒன்றின் கிராம சபையில் பார்த்தேன். தீர்மானப் பதிவேட்டில் மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது, கீழே வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்குகிறார்கள். தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்களாம். முதலில் எழுதி வாசியுங்கள், அப்புறம் போடுகிறேன் என்று ஓர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு எழுதி வாசித்துத்தான் காட்டினார்கள்.

கூட்டுறவுத் தணிக்கையில் அத்தனை வருஷம் இருந்தவன் நீ, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வழக்கறிஞரோடு பேசினோம், அதனால் வெளியிட முடியாது என்று ஒரு நிர்வாகக் குழு சொன்னால், பேச்சை விட்டுவிடலாம், எடுத்த முடிவையும் அதன் காரணத்தையுமாவது நடவடிக்கைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்துவீர்களா? விவரமாக எழுது.

அன்புடன்,
முருகேசன்