ஹார்பர் வேறு, போர்ட் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில், சாதாரண தரப் பரீட்சைக்கான ஆங்கிலப் பகுதியில், "ஹார்பர், போர்ட் இரண்டுமே துறைமுகத்தைக் குறிக்கும், ஒன்றுக்குப் பதிலாக மற்றதை எழுதலாம்" என்று அச்சிட்டிருந்தீர்கள். என் பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவிட்டாள். பிழை என்று சொன்னேன். "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே, அம்மப்பா" என்றாள். அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை.

நான் 34 ஆண்டுகள் திருகோணமலையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் இலிகிதராக இருந்தவன். இந்த இரண்டு சொற்களையும் ஒவ்வொரு நாளும் தட்டச்சுச் செய்தவன். ஒன்றை மற்றதாக எழுதியதால் என்ன நடக்கும் என்பதை என் கண்ணால் பார்த்தவன். ஆகவே தாங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ஹார்பர் என்பது கப்பல் காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கி நிற்கும் நீர்ப்பரப்பு. அங்கே கப்பலைக் கட்டும் ஜெட்டி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம், ஒரு மனிதரும் இல்லாமல் இருக்கலாம், அது ஹார்பர்தான். போர்ட் என்பது சரக்கு ஏறி இறங்கும் இடம். சுங்கம், கிட்டங்கி, பாரந்தூக்கி, தொழிலாளர், நிர்வாக எல்லை எல்லாம் சேர்ந்தால்தான் போர்ட். பழைய ஆங்கிலத்தில் படை என்ற சொல்லும் காப்பிடம் என்ற சொல்லும் சேர்ந்துதான் ஹார்பர் பிறந்தது. அதனால்தான் குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் சொல்கிறார்கள். போர்ட் இலத்தீனிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை வைத்து யாருக்கும் அடைக்கலம் கொடுக்க முடியாது. தங்கள் மாணவர் பக்கத்தில் இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

சான்றுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் உட்துறைமுக வீதி இருக்கிறது. ஆங்கிலப் பெயர்ப் பலகையில் இன்னர் ஹார்பர் என்று இருக்கும். இன்னர் போர்ட் என்று யாரும் எழுதவில்லை. கொழும்பில் இருப்பது துறைமுக அதிகார சபை; அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது போர்ட். மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ஹார்பர். ஒரே அரசாங்கம் இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு சொற்களைத் தேர்ந்து வைத்திருக்கிறது. தமிழில் இரண்டும் துறைமுகம் ஆனதால் ஆங்கிலத்திலும் ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எந்த வகை நியாயம்?

கொழும்பில் கடல் திறந்து கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் கப்பல் நிம்மதியாக நிற்க முடியாது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் வந்து அலைதடுப்பு மதிலுக்கு அடிக்கல் நாட்டினார். மதில் எழுந்த பிறகுதான் அங்கே நல்ல ஹார்பர் உண்டானது. அம்பாந்தோட்டையில் நிலத்தைத் தோண்டிக் கடலை உள்ளே விட்டார்கள். திருகோணமலைக்கு யாரும் மதில் கட்டவில்லை, தோண்டவும் இல்லை. மலைகளும் மேட்டுநிலங்களும் சுற்றி நின்று காக்கின்றன. இயற்கை எங்களுக்குத் தந்தது ஹார்பர். போர்ட்டை மனிதர்தான் தர வேண்டும். அதை எங்களுக்கு எவ்வளவு தந்தார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

என் தகப்பனார் பிரிட்டிஷ் கடற்படையின் டொக்யார்ட்டில் பொருத்துநராக வேலை செய்தார். 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அவருக்கு வேலை போயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. "துறைமுகத்தை எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள், அது அப்படியேதானே கிடக்கிறது?" என்று என் அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. மாலையில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைக் காட்டி, "ஹார்பர் இருக்கிறது, தம்பி. வேலை செய்ய ஒன்றும் இல்லை" என்றார். அம்மாவின் கேள்விக்கு அப்பாவால் தமிழில் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அந்த ஒரே சொல்தான் காரணம் என்று எனக்கு விளங்க இருபது வருடம் சென்றது.

விளங்கிய நாளையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோதுமைக் கப்பல் ஒன்று வந்திருப்பதாக ஆங்கிலத்தில் தந்தி வந்தது. கப்பல் ஹார்பருக்குள் நுழைந்து நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது என்பது அதன் செய்தி. நான் தொழிலாளருக்கான அறிவித்தலில் "கப்பல் துறைமுகத்திற்கு வந்துவிட்டது" என்று எழுதினேன். மூதூர்ப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். கப்பல் ஜெட்டியில் கட்டப்படவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தண்ணீரில் நின்றது. இரண்டு நாள் அந்த மனிதர்கள் வெயிலில் இருந்தார்கள். இறக்காத சரக்குக்குக் கூலி கிடையாது. அவர்களில் வயதான ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, கப்பல் வந்து நிற்கிறதா, கட்டியாயிற்றா என்று எழுதியிருந்தால் நாங்கள் வீட்டில் இருந்திருப்போமே" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் வந்து நிற்பதையும் கட்டுவதையும் தமிழில் பிரித்துச் சொன்னார். ஆங்கிலம் படித்த நான் பிரிக்கவில்லை. அன்றைய வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இது கூலியோடு முடிகிற விடயமும் இல்லை. கப்பல் "வந்து சேர்ந்த" பிறகுதான் சரக்கு இறக்கும் காலக்கெடு ஓடத் தொடங்கும். கெடு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம் ஏறும். லிவர்பூலுக்கு வந்த ஜொஹானா ஓல்டென்டோர்ஃப் என்ற கப்பல், இறங்குதுறையிலிருந்து 17 மைல் தள்ளி நங்கூரத்தில் நின்றது. அது போர்ட்டுக்கு வந்ததா இல்லையா என்ற வழக்கு, அப்போது அங்கே உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை போய் 1973 இல் தீர்ந்தது. அந்த நங்கூர இடம் போர்ட்டின் நிர்வாக எல்லைக்குள் இருந்ததால் வந்து சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆங்கிலேயர் தமது உயர்ந்த நீதிமன்றத்தில் வாதாடிய சொல்லைத் தங்கள் மாணவர் பக்கம் அரை வரியில் முடித்துவிட்டது.

இன்று மட்டும் என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். முன்பு ஒரு முறை, கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவர "விமானி" கப்பலில் ஏறினார் என்று தங்கள் பத்திரிகை எழுதியது. கப்பலுக்கும் பைலட் உண்டு. அவர் உள்ளூர் நீரோட்டமும் பாறையும் அறிந்த வழிகாட்டி. படகில் போய் நூலேணியில் ஏறுவார். அவரை விமானி ஆக்கினீர்கள். நடுக்கடலில் மோதிக்கொண்ட கப்பலுக்குத் "துறைமுகப் பக்கத்தில்" சேதம் என்று இன்னொரு நாள் வந்தது. நடுக்கடலில் ஏது துறைமுகம்? கப்பலின் இடப்பக்கத்தை ஆங்கில மாலுமிகள் போர்ட் என்பார்கள். முன்பு லார்போர்ட் என்றார்கள். அது வலப்பக்கமான ஸ்டார்போர்டோடு காதில் குழம்பியதால் பிரிட்டிஷ் கடற்படை 1844 இல் மாற்றியது. கட்டளை காதில் மாறி விழுந்தால் கப்பல் பாறையில் ஏறும் என்று பயந்து ஒரு கடற்படையே சொல்லை மாற்றியிருக்கிறது.

2018 இல் எங்கள் ஹார்பரில் மூழ்கிக் கிடந்த சாகைங் என்ற கப்பலைக் கடற்படையினர் மேலே எடுத்தபோது, அது ஜப்பானியர் மூழ்கடித்த கப்பல் என்று எழுதினீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியரின் குண்டுவீச்சில் அது எரிந்தது உண்மை. மூழ்கடித்தவர்கள் ஜப்பானியர் அல்லர். அடுத்த ஆண்டு, இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று பிரிட்டிஷ் தரப்பே அதைத் தாழ்த்தியது. தானாக மூழ்குவதற்கு ஒரு சொல்லும், தங்கள் கப்பலைத் தாங்களே தாழ்த்துவதற்கு வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்த இரண்டையும் ஒன்றாக்கியதில் எங்கள் ஊரின் வரலாறே புரண்டுவிட்டது. அப்போதும் தங்களுக்குக் கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, இடம் இருந்திருக்காது.

தமிழில் சொல் இல்லை என்று மட்டும் தயவுசெய்து பதில் எழுத வேண்டாம். வங்காள விரிகுடா என்றும் மன்னார் வளைகுடா என்றும் ஆங்கிலத்தின் இரண்டு சொற்களுக்கு இரண்டு சொற்கள் வைத்தவர்கள் நம்மவர்கள்தாம். எந்தப் பிள்ளையும் மன்னார் விரிகுடா என்று எழுதுவதில்லை. துறைமுகத்தைப் பிரித்துச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

என் மனத்தை அறுப்பது வேறு. "உலகின் மிகச் சிறந்த துறைமுகங்களில் ஒன்று" என்று எங்கள் ஊரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஹார்பரைப் பற்றி அது உண்மை. வாசிப்பவர் அதைப் போர்ட் என்று எடுத்துக்கொள்கிறார். உலகின் சிறந்த போர்ட் இருக்கும் ஊரில் வேலைக்கு என்ன குறை என்று வெளியூர் உறவினர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் மூத்த மகன் கப்பல் சரக்கு முகாமைத்துவம் படித்தவன். பதினாறு வருடமாகக் கட்டாரில் இருக்கிறான். அவன் வளர்ந்த வீட்டு முற்றத்தில் நின்றால் ஹார்பர் தெரியும்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரி: ஹார்பர் என்பது கப்பல் ஒதுங்கும் நீர்ப்பரப்பு, போர்ட் என்பது சரக்கும் சுங்கமும் உள்ள இடம், ஒன்றுக்குப் பதில் மற்றதை எப்போதும் எழுத முடியாது. பரீட்சைக்கு முன் வந்தால் போதும். பேத்தி ஒட்டி வைத்த பக்கத்தின் கீழே நான்கு விரல் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் முகவர் நிறுவன இலிகிதர்,
திருகோணமலை.