பேர வாவியில் விழும் குழாய்களை முதலில் மூடுங்கள்

கொழும்பு மாநகர சபை உறுப்பினர்களுக்கும், நகரின் நீர்நிலைகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் கொம்பனித்தெருவில் குடியிருக்கிறேன். உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பேர வாவியைச் சுத்தமாக்குவது பற்றி மறுபடியும் பேச்சு அடிபடுகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் நிறத்திலும் நாற்றத்திலுமே வந்து நிற்கிறது. நீரூற்று வைப்போம், நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றுவோம், மிதக்கிற பாசியை வழித்தெடுப்போம் என்கிறார்கள். பாசி அங்கே ஏன் இப்படித் தழைக்கிறது என்று கேட்டால் வேலை வேறு இடத்தில் தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த நகரத்திலேயே சில கிலோமீற்றருக்குள் மூன்று வகை நீர் இருக்கிறது. களனி கங்கை ஓடுகிறது, கலங்கலாக இருக்கிறது. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காது. மிதக்கும் பாசி பெருகுவதற்குள் வெள்ளம் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் டயட்டம் என்ற நுண்பாசி போன்றவைதான் அங்கே நிலைக்கும். வரட்சியில் நீரோட்டம் குறைந்தால் கடலின் உப்பு அம்பத்தலைப் பக்கம் ஏறி வருகிறது, உப்பைத் தாங்கும் இனங்களும் கூடவே வருகின்றன. காலிமுகத்திடலின் பாறைகளில் அலையும் உப்பும் வெயிலும் தாங்கக்கூடிய பச்சைக் கடற்பாசி படர்ந்திருக்கும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையோரம் அடிநீர் மேலெழுந்து ஊட்டச்சத்தைக் கொண்டுவர, கடலின் மிதவைப் பாசி பெருகுகிறது, அதன் பின்னால் மீன் வருகிறது. பாசி என்பதே கெடுதல் அல்ல. எந்தப் பாசி எங்கே வாழும் என்பதை நீரின் ஓட்டமும் ஒளியும் உப்பும் சூடும் அதில் கரைந்த ஊட்டமும்தான் தீர்மானிக்கின்றன.

பேர வாவியில் இவை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஏறத்தாழ 65 ஹெக்டேயர் பரப்பு, ஆழம் குறைவு, நீர் அநேகமாக நகர்வதே இல்லை, வருடம் முழுக்க வெதுவெதுப்பு. குளிர்நாட்டு ஏரிகளுக்குக் கிடைக்கும் பனிக்கால ஓய்வு இதற்குக் கிடையாது. இதற்கு மேல் கழிவுநீரும் வந்து சேர்ந்தால் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை வெல்ல வேறெதனாலும் முடியாது. அதன் கலங்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் இருக்கின்றன; காற்று அடங்கியதும் அது மேலே மிதந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவற்றை இருட்டில் விடுகிறது. பசைபோன்ற உறைக்குள் கூட்டமாக இருப்பதால் சின்ன நீர்ப்பூச்சிகளும் அதை எளிதில் மேய்வதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். காற்று ஒதுக்கிய கரையோரம் கையுறை போட்டு, கண்ணாடிப் போத்தலில் நீரை மொண்டு, ஆட்டாமல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை எல்லாம் மேலே ஏறிக் கழுத்தைச் சுற்றி வளையமாகத் திரளும். அடியில் இருக்கும் நீர் ஓரளவு தெளிந்துவிடும். சாதாரணப் பச்சைப் பாசி என்றால் பெரும்பாலும் அடியில் படியும். கரைக் கல்லில் காய்ந்த படலத்தையும் பாருங்கள், ஓரத்தில் மயில்நீலக் கறை தெரியும். செத்த கலங்களிலிருந்து கசிந்த நிறமி அது.

இரவில் இந்தப் பாசிக்கூட்டம் முழுவதும் ஒட்சிசனை உறிஞ்சுகிறது. மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பது அதனால்தான். அத்துடன் இந்தப் பாசி உண்டாக்கக்கூடிய மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சும் இருக்கிறது. கொதிக்க வைத்தால் அது போகாது. 1996இல் பிரேசிலின் கரூவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த நீரால் இரத்தச் சுத்திகரிப்பு செய்யப்பட்ட சிறுநீரக நோயாளிகள் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தார் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். பேர வாவியின் நீரை யாரும் குடிப்பதில்லை, உண்மை. ஆனால் அங்கே மீன் பிடிக்கிறார்கள், பிள்ளைகள் படகில் போகிறார்கள். நஞ்சை அளக்காமல் நீரூற்றைத் திறந்து தூவானமாக வீசுவதை நான் ஏற்கமாட்டேன்.

பாசியைப் பெருக்கும் ஊட்டம் எது என்று பார்க்க, 1973இல் கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு சிறிய ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அவற்றோடு பொஸ்பரசும் சேர்த்தார்கள். பொஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. நமது வாவிக்குள் மலசலகூடக் குழாய், சாப்பாட்டுக் கடைகளின் கழுநீர், சலவை நீர் என்று இறங்கும் எல்லாவற்றிலும் பொஸ்பரஸ் இருக்கிறது. கூழைக்கடாக்களின் எச்சத்திலும் இருக்கிறதுதான். அதற்காகப் பறவைகளை விரட்டிவிட்டுக் குழாய்களை அப்படியே விடுவது நியாயமில்லை.

குழாய்களை மூடினாலும் உடனே தெளியாது என்பதையும் மக்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சுவீடனில் ட்ரூமென் என்ற ஆழமற்ற ஏரிக்கு வந்த கழிவுநீரை 1950களின் கடைசியில் நிறுத்தினார்கள். பத்து வருடமாகியும் ஏரி தெளியவில்லை. அடியில் தேங்கிய பொஸ்பரஸ், சேறு ஒட்சிசன் இல்லாமல் கிடக்கும்போதெல்லாம் மறுபடி நீருக்குள் கரைந்து வந்துகொண்டிருந்தது. 1970, 71இல் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகே ஏரி மீண்டது. பேர வாவிக்கும் சேறு எடுக்கத்தான் வேண்டும். ஆனால் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் செலவழித்த காசு மறுபடி சேறாகிவிடும். எடுத்த சேற்றைப் பார உலோகங்களுக்குப் பரிசோதிக்காமல் எங்கேயும் கொட்டவும் வேண்டாம்.

குழாயை மூடுங்கள் என்று நான் கேட்பது கரையோரத்துச் சனங்களைக் கிளப்புவதற்கு அல்ல. அவர்களின் வீடுகளுக்குப் பிரதான கழிவுநீர்க் குழாயோடு இணைப்புக் கொடுங்கள், கட்டணம் இல்லாமல் கொடுங்கள். பெரிய கட்டடங்களையும் அதே கண்டிப்போடு சோதியுங்கள்.

வாவிக்குள் திறக்கும் ஒவ்வொரு குழாய் வாயும் எங்கே இருக்கிறது, அதை மூடுவது யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிடுங்கள். மாதம் ஒருமுறை பொஸ்பரஸ், விடியற்காலை ஒட்சிசன், மைக்ரோசிஸ்டின் ஆகிய மூன்றையும் அளந்து, கரையில் பலகை வைத்துத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடுங்கள். நீரின் தெளிவை அளக்கும் கறுப்பு வெள்ளைத் தட்டை எங்கள் மாணவர்களே செய்வார்கள். அனுமதி தந்தால் சனிக்கிழமைகளில் வந்து அளந்து, கணக்கை உங்களிடம் ஒப்படைப்போம். அந்த அனுமதிக்கும் வரைபடத்துக்கும் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கொம்பனித்தெருவிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை