வெளிநாட்டு விண்ணப்பதாரரும் ஒரு விதிவிலக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்புரிமை (புதிய கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமை) கேட்டு வரும் வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் இன்று ஒரே விதிதான் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. விதி ஒன்றுதான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு: விண்ணப்பதாரர் சார்பில் செயல்படும் உள்ளூர் முகவரை வைக்கச் சொல்லி வெளிநாட்டவரைக் கட்டாயப்படுத்தலாம். அதைக் கட்டுரை தொடவே இல்லை.

முன்பு இருந்த நிலைக்கு இது எவ்வளவோ தேவலை. 1836-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி சொந்தக் குடிமகனுக்குக் கட்டணம் 30 டாலர், வெளிநாட்டவருக்கு 300, பிரிட்டிஷ் பிரஜை என்றால் 500! இப்படிப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தியது, காப்புரிமை போன்ற தொழில்சார் உரிமைகளுக்கான 1883 பாரிஸ் உடன்படிக்கை. முதல் விண்ணப்பத்தின் தேதியைக் குறிப்பிட்ட காலம் வரை (அன்று 6 மாதங்கள், இன்று 12) மற்ற நாடுகளிலும் காட்டலாம் என்ற முன்னுரிமையும் அதில் வந்ததுதான்.

அதே உடன்படிக்கையின் 2-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவைப் பாருங்கள். நீதிமன்ற, நிர்வாக நடைமுறைகளிலும், உள்ளூர் முகவரி கேட்பதிலும், முகவரை நியமிக்கச் சொல்வதிலும் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தையே வைத்துக்கொள்ளலாம். பல நாடுகளில் உள்ளூர்க்காரர் தானே விண்ணப்பம் போடலாம், தானே பதில் எழுதலாம். வெளிநாட்டவர் அங்குள்ள முகவருக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் ஆட்சேபம் எழுப்பினால் அது முகவருக்குப் போகிறது. அவர் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும், வெளிநாட்டு விண்ணப்பதாரர் படித்து யோசித்துப் பதில் சொல்ல வேண்டும், அதை மறுபடி அந்த நாட்டு மொழியில் ஆக்க வேண்டும். கெடு உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒன்றுதான். வெளிநாட்டவருடைய நாட்களில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் கேட்க உதவும் பிசிடி என்னும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்த வழியில் போனாலும் இந்தச் செலவு பொதுவாக முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 30 மாதம் வரை தள்ளிப்போகும், அவ்வளவே. அப்புறம் நாட்டுக்கு நாடு மொழிபெயர்ப்பு, பெரும்பாலும் நாட்டுக்கொரு முகவர். பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும், தனி ஆள் தாங்க மாட்டார்.

நல்ல முகவரின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உள்ளூர்ச் சட்டத்தின் நெளிவுசுளிவு தெரிந்தவர் வேண்டும் என்றால் விண்ணப்பதாரரே தேடிப் போவார். கட்டாயம் எதற்கு? தபாலை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் உள்ளூர் முகவரி கேட்டதற்குக் காரணம் இருந்தது. இன்று விண்ணப்பம், கட்டணம், பதில் எல்லாமே இணையத்தில் நடக்கின்றன. வழக்கு என்று வந்தால் உள்ளூர்ப் பிரதிநிதி இருக்கட்டும், சரி. காப்புரிமை வழங்கப்படும் வரையிலாவது வெளிநாட்டவர் தானே கையாள உறுப்பு நாடுகள் வழிவிட வேண்டும். இதற்கு உடன்படிக்கையைத் திருத்தத் தேவையில்லை. விலக்கைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று அது யாரையும் வற்புறுத்தவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்