கடைக்குப் போகும் முன் அலமாரியைத் திற

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
நவம்பர் 18

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல.

பிரான்ஸிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இந்த வருஷம் கை இறுக்கம், கிறிஸ்மஸ் பரிசு, தோரணம் எல்லாம் கையாலேயே செய்துவிடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறுநாளே கூடை நிறையச் சாமான் வாங்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். குளூ கன், தங்க ரிப்பன், மர முத்திரை, ஜிகினாத் தூளில் மட்டும் நாலு நிறம். இது சிக்கனமா, சொல்லு? அந்தக் காசுக்கு நாலு பேருக்கு நல்ல சாக்லேட் டப்பாவே கிடைத்திருக்கும். பில் இருந்தால், பிரிக்காததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடு. ஜிகினாவைக் கட்டாயம் திருப்பிக் கொடு. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது ஈஸ்டர் வரைக்கும் தரையில் கிடக்கும்.

போனில் பேசினால் பேரன் பிடுங்கிக்கொள்கிறான், பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஆள் கணக்கைப் போடு. யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதினால் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். உன் ஆபீஸில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொன்று வேண்டாம், பொதுவாக ஒரு டப்பா பலகாரம் காபி மேஜையில் வைத்தால் போதும். மாப்பிள்ளையின் அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா, மாடியில் இருக்கிற தம்பதி. இவர்களுக்குத்தான் தனித்தனியாகச் செய்யவேண்டும். அதுவும் தின்று தீர்கிற பொருளாகவோ புழங்கித் தேய்கிற பொருளாகவோ இருக்கட்டும். வீட்டில் செய்தது என்பதற்காக ஒரு பொம்மையைக் கொடுத்தால், தூக்கி எறியவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவர்கள்தான் தவிப்பார்கள்.

அதனால் கிறிஸ்மஸுக்கு நாம் பொரிக்கிற கல்கல் செய். இங்கிருந்து பார்சலில் அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பால், நெய், இறைச்சி சேர்ந்த பலதையும் தபாலில் அங்கே விடமாட்டார்களே, எந்தப் பலகாரம் தப்பும், எது மாட்டும் என்ற கவலை எதற்கு? நீயே செய்துவிடு.

மைதா அரைக் கிலோ. அங்கே பாக்கெட்டில் 45 அல்லது 55 என்று எண் போட்ட மாவு இருக்கும், எது கிடைத்தாலும் சரி. பொடித்த சர்க்கரை 125 கிராம், அதற்கு மேல் போகாதே. சர்க்கரை கூடினால் எண்ணெயில் போட்டதுமே மேலே கறுத்து, உள்ளே மாவாக நிற்கும். முட்டை இரண்டு, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பூரி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடிவை. அப்புறம் சுண்டைக்காய் அளவு உருட்டி, எண்ணெய் தடவிய முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளு. மாவு தானே சுருண்டு விழும், மேலே வரிவரியாகக் கோடு பதிந்திருக்கும். சுருளின் ஓரம் ஒட்டாமல் நின்றால் எண்ணெயில் விரிந்துவிடும், அதை மட்டும் விரலால் ஒரு அழுத்து அழுத்திவிடு. மிதமான தீ. பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எடுத்துவிட்டால் ஆறும்போது நிறம் சரியாக வரும். பாகில் புரட்டாதே, டப்பாவில் கட்டி தட்டிவிடும். நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு வாரத்துக்கு மொறுமொறுப்பு போகாது. டிசம்பர் இரண்டாவது சனி, ஞாயிறில் உட்கார்ந்தால் சரியாக இருக்கும். உருட்டுகிற வேலைக்கு மாப்பிள்ளையையும் உட்காரவை. ஒற்றை ஆளாகச் செய்தால் இடுப்பு போய்விடும்.

உங்கள் மர்சேயில் கிறிஸ்மஸ் ராத்திரி பதிமூன்று இனிப்பு வைப்பார்கள் என்று நீதானே சொன்னாய். அத்தி, பாதாம், பேரீச்சை, நூகா மிட்டாய் என்று. பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த மேஜைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டுதான் இருப்பார். உன் கல்கலையும் ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடு. பதினாலாவதாக வைத்தால் குற்றமா என்று அவரே சொல்லட்டும்.

அடுத்தது வடகம். நீ ஆகஸ்டில் வந்தபோது எடுத்துப்போன தாளிப்பு வடகத்தில் பாதியாவது மிச்சமிருக்கும், நீ சமைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். அங்கே கடையில் வடுவான் என்று சின்ன டப்பியில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, அது இந்த வடகத்தின் வழியில் வந்ததுதான். உன்னிடம் இருப்பது சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காய்ந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு நானே உருட்டியது. அதை உதிர்த்துச் சின்ன ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடு. சமைக்கத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது, உனக்கு ஒரு காசு செலவும் இல்லை.

பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்தால் லேபிள் உரிந்து வரும். பிசுக்கு நின்றால் சமையல் சோடாவையும் எண்ணெயையும் குழைத்துத் தேய். கழுவியபின் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காயவை, உள்ளே ஈரம் இருந்தால் பத்தே நாளில் பூஞ்சைதான். கூடவே ஒரு சீட்டு எழுதி வை: ஒரு ஸ்பூன் வடகத்தை வெண்ணெயில் பொரியவிட்டு, வெந்த உருளைக்கிழங்கிலோ மீனிலோ ஊற்றவும். சீட்டின் பின்பக்கம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் எழுதிவிடு. கடுகு ஒத்துக்கொள்ளாதவர்கள் அங்கே உண்டு. கல்கல் டப்பாவிலும் அப்படியே, முட்டையும் மைதாவும் என்று தெரியட்டும்.

சரி, இனி வீட்டு அலங்காரம். மிஷன் வீதியில் ஸ்டார் தொங்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் பிளாஸ்டிக், ஒரு மழைக்கு நிறம் வெளுத்துவிடும். அப்பா மட்டும் இன்னும் மூங்கில்தான். மில்லில் சம்பளம் வராத வருஷங்களில் பிடித்துக்கொண்ட பழக்கம், கையில் காசு வந்தபிறகும் விடவில்லை. இரண்டு நாளாக வாசல்படியில் உட்கார்ந்து சிம்பு சீவுகிறார். ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு. ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டுகிற ஐந்து இடத்திலும் விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுப்பார். நடு வயிறு உப்பி நிற்கும். அதன்மேல் பட்டம் செய்கிற காகிதம். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்துகொள்வார், இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். உள்ளே எல்இடி பல்புதான் போடவேண்டும், பழைய குண்டு பல்பு சூட்டில் காகிதத்தைப் பொசுக்கிவிடும். இப்போதே அவர் பத்து விரலும் சிவப்புச் சாயம்.

மூங்கிலுக்கு மர்சேயில் நீ எங்கே போவாய். ரொட்டிக் கடையில் தருகிற காகிதப் பைகளைச் சேர்த்துவை, ஒரே அளவில் எட்டு ஒன்பது போதும். ஒரு பையைப் படுக்கவைத்து, அடிப்பக்கம் ஒரு கோடு, நடுவில் நெட்டுக்கு ஒரு கோடு பசை தடவு. அதன்மேல் அடுத்த பை, அதே திசையில். எல்லாம் அடுக்கியபின் வாய்ப்பக்கத்தைக் கூராக வெட்டி, ஓரத்தில் சின்னச் சின்ன முக்கோணம் வெட்டி எடு. முதல் பையையும் கடைசிப் பையையும் பிடித்து விசிறியாக விரித்து ஒட்டினால் பெரிய நட்சத்திரம். ஜன்னலில் தொங்கவிடு, பகல் வெளிச்சமே அதற்குப் போதும். பண்டிகை முடிந்ததும் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிடலாம்.

ஆரஞ்சை வட்டவட்டமாக நறுக்கி, ஓவனில் 90 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்து, நடுநடுவே திருப்பிவிட்டால் கண்ணாடி மாதிரி காய்ந்துவிடும். ஊசி நூலில் கோத்தால் தோரணம். ஓவனை எப்படியும் வேறு எதற்காவது போடும் நாளில் சேர்த்துச் செய், மின்சாரக் கட்டணத்தையும் கணக்கில் வைக்கவேண்டாமா. இங்கே இந்த மழை ஈரத்தில் அது நடக்காது, மூன்றாம் நாளே புள்ளி விழும். உனக்கு ஹீட்டரும் அந்த வறண்ட வடகாற்றும் இருக்கிறதே, அதுவும் ஒரு வசதிதான்.

கிறிஸ்மஸ் குடிலைப் பற்றி ஒன்று. டிசம்பர் 4, புனித பார்பரம்மாள் திருநாளன்று அங்கே மூன்று சின்னத் தட்டில் கோதுமை முளைபோடுவார்கள் என்று சொன்னாய். நாம் குடிலுக்குக் கேழ்வரகும் கடுகும் தூவுவதும் அதுவும் ஒரே வேலைதான். ராத்திரி ஊறவைத்த கோதுமையைப் பஞ்சின்மேல் பரப்பி, பஞ்சு காயாமல் தண்ணீர் தெளித்து ஜன்னலோரம் வை. கிறிஸ்மஸுக்குள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். குடிலுக்குப் புல்தரை ஆயிற்று, தினமும் தண்ணீர் ஊற்றுகிற வேலை பேரனுக்கு. தரை நனையும், போகட்டும்.

குடிலில் வைக்கிற மண் பொம்மைகளைக் கடையில் மொத்தமாக வாங்கிவிடாதே. 1803-லிருந்து மர்சேயில் அதற்கென்றே சந்தை கூடுகிறதாமே, விலையும் அதற்குத் தக்கபடிதானே இருக்கும். வருஷத்துக்கு ஒன்று வாங்கு. இந்த வருஷம் பாலன் மட்டும், அடுத்த வருஷம் மாதாவும் சூசையப்பரும். ஆடுமாடுகளை நீயே செய்யலாம். முட்டை அட்டையைக் கிழித்து வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவை. காலையில் கையாலேயே மசித்து (மிக்ஸியில் போடாதே, சட்னிக்கு அது வேண்டும்) தண்ணீரை ஒட்டப் பிழிந்து, மைதாப் பசை சேர்த்துப் பிசைந்தால் காகிதக்கூழ். திருக்கனூர்க்காரர்கள் இந்தக் கூழில்தான் அந்த அழகான பொம்மைகளைச் செய்கிறார்கள். அதற்கும் வில்லியனூர் சுடுமண்ணுக்கும் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. உன் ஆடு அந்த அளவுக்கு வராது, நாலு காலில் நின்றால் போதும். உள்வரை காய மூன்று நாலு நாள் ஆகும், அவசரப்பட்டு வண்ணம் அடிக்காதே.

பரிசுப்பொதிக்குக் காகிதம் வாங்கவே வேண்டாம். உன் அலமாரியில் மடித்தே வைத்திருக்கும் அந்தப் பழைய சுங்குடிப் புடவையை எடு. முந்தானை கிழிந்ததுதானே, இனிமேல் கட்டப்போகிறாயா? கைக்குட்டை அளவில் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்து ஓட்டுத்தையல் போட்டால் பாட்டில் கட்ட ஒன்று, டப்பா கட்ட ஒன்று. நாலு முனையையும் மேலே சேர்த்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. வாங்கியவர்கள் அந்தத் துணியைத் தலையில் கட்டுவார்களோ ரொட்டி மூடுவார்களோ, அது அவர்கள் பாடு. மாப்பிள்ளையின் அக்காவுக்கு மட்டும் கரைப்பக்கம் வரும் துணியாகக் கொடு, அவர் அதெல்லாம் கவனிக்கிறவர்.

பார்சலில் மூன்று பொருள் வருகிறது. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய பட்டக் காகிதம் ஒரு சுருள். அப்பாவின் பழைய கைலி இரண்டு, நன்றாகத் துவைத்தது, பாட்டில் கட்ட இன்னும் துணி தேவைப்பட்டால் வெட்டிக்கொள். வில்லியனூரில் வாங்கிய சுடுமண் அகல் ஆறு. அகலை வைக்கோலில் சுற்றி அனுப்பலாம் என்றார் அப்பா, செடி கொடி எதுவும் வேண்டாம் என்று தபால்காரர் சொன்னதால் கைலிக்குள்ளேயே சுற்றியிருக்கிறேன். பிரிக்கும்போது உதறாதே, உடைந்துவிடும்.

மாவு பிசைகிற அன்று கூப்பிடு. கேமராவைக் கிண்ணத்தின் பக்கம் திருப்பி வை, உன் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா