எங்கள் ரிதத்தையும் கேட்க விடுங்கள்: ஜாஸ் விழா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விழா நடத்தும் அன்பர்களுக்கும் ஒலி மேசையில் அமரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

15 ஆண்டுகளாக ஜாஸ் மனூஷ் குழுக்களில் கிதார் வாசிக்கிறேன். மனூஷ் என்பவர்கள் பிரான்சில் வாழும் ரோமா (ஜிப்சி) இனத்தவர். அவர்களிடையே வளர்ந்த ஜாஸ் இது. தனி வாசிப்பு கிடையாது, பின்னால் இருந்து தாளத்தைத் தாங்கும் ரிதம் மட்டும்தான். இதே மடலைப் பிரெஞ்சில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பாரிஸ் லா ஷப்பேலில் என்னிடம் கிதார் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தமிழிலும் எழுதுகிறேன். என் கச்சேரிக்கு வந்த ஒரு அம்மா, "நீர் மேடையில என்ன செய்யிறீர் தம்பி? ஒண்டும் கேக்கேல்லையே" என்றார். அவர் காதில் குறையில்லை. நீங்கள் கேட்க விடவில்லை.

இந்த இசையில் பெரும்பாலும் டிரம்ஸ் இருக்காது. அந்த வேலை எங்கள் வலது மணிக்கட்டில் இருக்கிறது. பிரெஞ்சில் இதற்கு லா போம்ப் என்று பெயர். தண்ணீர் இறைக்கும் பம்புதான். ஒன்றாவது, மூன்றாவது அடிகள் கீழ்ச்சுருதித் தந்திகளில் விழும். இரண்டும் நாலும் வெட்டினாற்போல் குறுகி நிற்கும். இடது கை பிடியைத் தளர்த்திய கணமே ஒலி அடங்கிவிட வேண்டும். அடிக்கு முன்னால் மேல்நோக்கிச் சின்னதாக ஓர் உரசல் வரும். சிலர் அதை எல்லோர் காதிலும் விழ வைப்பார்கள், சிலர் தொட்டும் தொடாமலும் விடுவார்கள். யாரிடம் பழகினார் என்பதை அந்த உரசலை வைத்தே பல நேரம் சொல்லிவிடலாம். நிமிடத்துக்கு 250 அடி ஓடும் பாட்டில், முன்னால் இருப்பவர் எத்தனை சுற்று வாசிக்க ஆசைப்பட்டாலும் எங்கள் கை நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது. நம்மவர்களுக்குச் சொல்வதென்றால், நாகசுரத்துக்குத் தவில் போல.

போன கோடையில் ஒரு விழாவில், ஒலி பார்த்தவர் என் கிதாரில் ஒரு கேபிளைச் செருகி, இரண்டு நிமிடத்தில் "சரி" என்று போய்விட்டார். வயலினும் தனி கிதாரும் அரங்கை நிறைத்தன. பாஸ் என்னும் கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியம் வாசித்த நண்பருக்கு என் கிதார் கேட்கவே இல்லை. ஒன்றரை மணி நேரமும் என் வலது கையைப் பார்த்துப் பார்த்தே வாசித்தார். கச்சேரி முடிந்ததும் அவர் கண் சிவந்திருந்தது. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்டது பாதி இசை.

எங்கள் கிதாரின் குரல் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். 1932இல் மரியோ மக்காஃபெரியின் வடிவமைப்பில் செல்மர் நிறுவனம் செய்யத் தொடங்கிய கிதார்தான் இதற்கு மூலம். மைக் இல்லாத கூடத்திலும் கடைசி வரிசை வரை போகிற குரல். (அந்தக் கிதார்களின் முதுகும் பக்கமும் பெரும்பாலும் இந்திய ஈட்டி மரம். நம் பக்கத்து மலைகளில் வளர்வதும் அதே ஈட்டிதான் என்று அறிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.) கேபிள் அந்தக் குரலைத் தட்டையாக்கிவிடும். ஒரு சாண் தள்ளி நல்ல மைக் ஒன்று வையுங்கள். என்னையும் பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்புறம் 20 நிமிடம் பொறுமையாகச் சரிபாருங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்து, பெயர். 1934இல் பாரிஸில் உருவான ஹாட் கிளப் குவின்டெட் என்ற ஐவர் குழுவைச் சொன்னதும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டையும் வயலின் வாசித்த ஸ்டெஃபான் கிரப்பெலியையும் சொல்கிறோம். ஜாங்கோவின் தம்பி ஜோசஃபும் ரோஜே ஷாப்யூவும் பின்னால் ரிதம் வாசித்தார்கள். "கிரப்பெலி வாசிக்கும்போது அவருக்கு இரண்டு கிதார் துணை, எனக்கு மட்டும் ஒன்றா?" என்று ஜாங்கோ குறைப்பட்டதால்தான் இன்னொரு ரிதம் கிதார் சேர்ந்தது என்று சொல்வார்கள். ரிதத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. பிரேலி லக்ரேனுக்கு ஓனோ விண்டர்ஸ்டைன், ஸ்டோகெலோ ரோசன்பெர்க்குக்கு நூஷே ரோசன்பெர்க் என்று இன்றும் அந்த ரிதம் வரிசை தொடர்கிறது. உங்கள் சுவரொட்டியிலோ நட்சத்திரத்தின் பெயருக்குக் கீழே "குழுவினர்" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஒரு மனூஷ் பெரியவர். முதல் இரண்டு ஆண்டுகள் ரிதம் தவிர எதையும் வாசிக்க விடவில்லை. தன் பேரப்பிள்ளைகளுக்கும் அதே சட்டம். ஆயுள் முழுக்க வாசித்தவர், அவர் பெயர் அச்சில் வந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய இனத்தவரைப் பிரான்ஸ் 1946 வரை முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. அதில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று ஒரு குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2016 ஆனது. சுவரொட்டியில் நாடோடி வண்டியின் சக்கரமும் நெருப்பும் வரைவதற்கு முன், அந்தக் குடும்பங்களிலிருந்து எத்தனை பேரை மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் கலைஞர்களுக்கான வேலையின்மை உதவித்தொகை கிடைக்க 12 மாதத்தில் 507 மணி நேரம் கணக்கில் வர வேண்டும். ஒரு கச்சேரியை 12 மணி நேரமாகக் கணக்கில் எடுத்தால் 43 கச்சேரிகள். நீங்கள் பதிவு செய்யாமல் கையில் காசைத் திணித்து அனுப்பும் ஒவ்வொரு இரவும் அந்தக் கணக்கிலிருந்து போய்விடுகிறது. தனி வாசிப்புக்காரருக்கு ஒப்பந்தம், ரிதத்துக்குக் காசு வைத்த உறை என்று இருமுறை எனக்கே நடந்திருக்கிறது. இரண்டாம் முறை நடந்த ஆண்டில் 496 மணி நேரத்தில் நின்றேன்.

பயணத்துக்கு முடிந்தால் ரயில் போடுங்கள். இந்தக் கிதாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் இழுவிசையில்தான் நிற்கிறது. விமானத்துக்காகத் தந்தியைத் தளர்த்தினால் நகர்ந்துவிடும். இறங்கியதும் அதைத் திரும்ப இடத்தில் நிறுத்த அமைதியான ஓர் அறை வேண்டும். பல ஊர்களில் அதைக் கழிப்பறையில் வைத்துச் செய்திருக்கிறேன்.

அடுத்த கோடைக்கான ஒப்பந்தங்களை இப்போதுதான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். மேடைத் தேவைகளைச் சொல்லும் எங்கள் குழுவின் தாளில் ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறேன்: கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று, மைக் ஒன்று, நிகழ்ச்சி நிரலில் நான்கு பேரின் பெயரும். நானும் பாஸ் வாசிப்பவரும் மாலை 4 மணிக்கே வந்துவிடுவோம்.

அன்புடன்,
ஒரு ரிதம் கிதார் கலைஞன்