குழந்தைகளோடு மலையிறங்குவோருக்கு இ-பாஸிலேயே குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. இதனால் மலையேறும் குடும்பங்களின் கைபேசிக்கு, அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, அரசின் செய்தி போய்ச் சேர்கிறது. அந்தச் செய்தியோடு சிறு பிள்ளைகளை அழைத்து வருவோருக்கான மலைப்பாதைக் குறிப்பு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் இறக்கம். ஏறும்போது பயந்து பயந்து ஓட்டுகிறவர்கள், ஊர் திரும்பும்போது அவசரப்படுகிறார்கள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 50 கி.மீ. தூரத்துக்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வந்தால்தான் மேட்டுப்பாளையம். அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க்கும் பேடும் பழுக்கக் காய்ந்து பிடிமானம் குறையும். சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். பழைய ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு போல உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. 2 வருடமாக பிரேக் ஆயில் மாற்றாத வண்டியென்றால் ஊரிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது.

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். செங்குத்தான இடங்களிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் 2-வது கியர்; தேவைப்பட்டால் முதல் கியர். நியூட்ரலில் விடுவதோ இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதோ கூடவே கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். ‘டி’யிலேயே விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறார்கள். ‘எல்’ (குறைந்த கியர்) நிலைக்கு மாற்றினாலோ, ‘எம்’ (நாமே கியர் மாற்றும்) நிலையில் கியரைக் குறைத்தாலோ இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மின்சார கார்களுக்கு இன்னொன்று: மலை உச்சியில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமிருக்காது, அதனால் வேகத்தைத் தானாகக் குறைக்கும் வசதி சரியாக வேலை செய்யாது.

தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்; சூடான டிஸ்க் அதனால் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடலாம்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த வழியே வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை இருக்கிறது. கைபேசி வரைபடம் தூரம் குறைவென்று அந்தப் பக்கம் கையைக் காட்டும். முதுமலை போகிறவர்கள் கூடலூர் வழியே போகட்டும்.

அடுத்தது பிள்ளைகள் உட்காரும் விதம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், மடியிலிருக்கும் 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. முன் சீட்டு மடியென்றால் ஏர்பேக் விரியும் அடியும் குழந்தைக்குத்தான் விழும். குழந்தை இருக்கையைப் பின் சீட்டில்தான் கட்ட வேண்டும்.

வாந்தி பெரும்பாலும் 2 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. உள்காது வண்டி வளைவதை உணர்கிறது, கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். ஆகவே மலைப்பாதையில் கைபேசி வேண்டாம். உயரம் போதாத பிள்ளைக்கு பூஸ்டர் இருக்கை வைத்தால் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும். கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் இட்லி இரண்டு போதும். பால், பூரி, எண்ணெய்ப் பண்டம் கூடாது. வெறும் வயிறும் ஆகாது. வாந்தி மருந்தை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சில மருந்துகள் ஆபத்தே. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால், மூடி இறுகிய டப்பா ஒன்றில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டு எடுத்து வரலாம். குடிக்க ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர்.

இறங்கும்போது கைக்குழந்தை வீறிட்டு அழுதால் பசி என்று மட்டும் நினைக்க வேண்டாம். காற்றழுத்தம் கூடிக்கொண்டே வருவதால் காது அடைக்கும், சளி பிடித்திருந்தால் வலியே வரும். விழுங்கினால் அடைப்பு விடும். பெரிய பிள்ளைகளுக்கு அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்; ஓடும் வண்டியில் இருக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் குன்னூரிலும் அதற்குக் கீழே பர்லியாரிலும் நின்றால் பிரேக்கும் ஆறும், குழந்தையும் பால் குடிக்கும். பர்லியாரில் குரங்குகள் உண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டே இருங்கள்.

ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். வளைவுக்கு 2 வண்டி நீளம் முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். மூடுபனியில் ஹைபீம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகும், லோபீம் போதும்.

இவற்றை இ-பாஸோடு தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அனுப்பலாம். கூடவே, உதகையை விட்டு வெளியேறும் இடத்திலும் குன்னூரைத் தாண்டியதும் வரும் முதல் கொண்டை ஊசிக்கு முன்பும், கொடைக்கானலில் வத்தலக்குண்டு, பழனி சாலைகள் இறங்கத் தொடங்கும் இடங்களிலும் ‘2-வது கியர்’ என்ற இரண்டு சொல்லைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்க வேண்டும். கோடை சீசனுக்கு முன்பே வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
மலைப்பாதை ஓட்டுநர்கள் சிலர்,
குன்னூர்.